கணக்கெடுக்க வந்தவர் எந்தத் தெருவில் நின்று கேட்டார்?

"இப்பல்லாம் யாருங்க சாதி பாக்குறா?" என்று கேட்பவர்களுக்கு 2021 ஜூன் மாதக் கடைசியில் அமெரிக்காவிலிருந்து ஒரு பரிசு வந்து சேர்ந்தது. பியூ ஆய்வு மையம் இந்தியாவில் மதம் பற்றி நடத்திய மாபெரும் கருத்துக் கணக்கெடுப்பின் அறிக்கைதான் அந்தப் பரிசு. 2019 நவம்பர் முதல் 2020 மார்ச் வரை ஏறத்தாழ 30,000 பேரை நேரில் சந்தித்து, 17 மொழிகளில் கேள்வி கேட்டிருந்தார்கள். பட்டியல் சாதியினர் மீது பாகுபாடு அதிகமாக இருக்கிறது என்று சொன்னவர்கள் வெறும் 20 விழுக்காடு. கடந்த ஓராண்டில் சாதியின் பெயரால் தனக்கு எந்தப் பாகுபாடும் நேரவில்லை என்று சொன்னவர்கள் 82 விழுக்காடு. பட்டியல் சாதி மக்களிடம் கேட்டபோதும், பாகுபாடு அதிகம் என்றவர்கள் கால்வாசிக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்.

அதே அறிக்கையை இன்னும் சில பக்கங்கள் புரட்டினால் வேறொரு நாடு தெரிகிறது. சாதி மாறித் திருமணம் செய்வதைத் தடுப்பது மிக மிக முக்கியம் என்கிறார்கள் பத்தில் ஆறு பேருக்கு மேல். தன் நெருங்கிய நண்பர்கள் எல்லோரும் அல்லது பெரும்பாலோர் தன் சாதிக்காரர்களே என்கிறார்கள் பத்தில் ஏழு பேர். வடகிழக்கில் 38 விழுக்காட்டினர் தலித்துகள் மீது பாகுபாடு அதிகம் என்கிறார்கள். உத்தரப்பிரதேசமும் மத்தியப்பிரதேசமும் அடங்கிய நடு இந்தியாவில் அப்படிச் சொல்பவர்கள் 13 விழுக்காடுதான். ஹாத்ரஸ் இருக்கிற நடு இந்தியாவில்!

அப்படியானால் அந்த எண் எதை அளந்தது? சாதி எவ்வளவு இருக்கிறது என்பதையா, அந்நியர் ஒருவரிடம் சாதியைப் பற்றிப் பேச எவ்வளவு முடிகிறது என்பதையா?

பியூ ஆட்கள் பொய்க்கணக்கு எழுதினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நம் மண்ணில் கணக்கெடுக்க வருகிற எல்லோருக்கும், பன்னாட்டு நிறுவனமோ ஒன்றிய அரசோ நம் பல்கலைக்கழகமோ, சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிறீர்கள். ஊர்த்தமிழிலிருந்து காலனித்தமிழுக்கு ஒரு மொழிபெயர்ப்பு பாக்கி இருக்கிறது. அதை யாரும் செய்வதில்லை. சாதி ஒளிந்துகொள்வது அந்த இடைவெளியில்தான். தென்காசிப் பக்கம் வாருங்கள், காட்டுகிறேன்.

'ஊர்' என்றால் யார்?

பல மொழிகளில் நடக்கும் ஆய்வுகளுக்கு ஒரு சோதனை முறை உண்டு. ஆங்கிலக் கேள்வியை ஒருவர் தமிழாக்குவார். இன்னொருவர் மூலத்தைப் பார்க்காமல் அந்தத் தமிழைத் திரும்ப ஆங்கிலமாக்குவார். இரண்டு ஆங்கிலமும் பொருந்தினால் மொழிபெயர்ப்பு சரி என்று முத்திரை. அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகமெங்கும் கையாளப்படும் முறை இது.

இப்போது 'கிராமம்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை எடுங்கள். அலுவலகத் தமிழ் வேண்டாம், மக்கள் பேச்சில் இருக்கட்டும் என்று 'ஊர்' என எழுதுவார் மொழிபெயர்ப்பாளர். திரும்ப ஆங்கிலமாக்கினால் அதே சொல் வந்து நிற்கும். முத்திரை விழுந்துவிடும். ஆனால் சங்கரன்கோவில் வட்டாரத்தின் ஒரு காலனியில் வாழும் பெண் "ஊருக்குள்ள போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கடைக்குக் கிளம்புகிறார். அவர் இருப்பது ஊர் இல்லை, காலனி. ஊர் என்பது ஆதிக்க சாதித் தெருக்கள். "உங்கள் ஊரில் எல்லோரும் கோயிலுக்குள் போகலாமா?" என்று கேட்டால், போகலாம் என்றுதான் பதில் வரும். ஊரில் உள்ள எல்லோரும் போகிறார்களே! ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவரைப் பற்றி அந்தக் கேள்வி கேட்கவே இல்லை.

அடுத்தது 'சமுதாயம்'. உங்கள் சமுதாயத்தின் மீது உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை, சமுதாய வேலைகளில் எவ்வளவு பங்கெடுக்கிறீர்கள் என்ற கேள்விகள் பன்னாட்டுக் கணக்கெடுப்புகளில் சாதாரணமாக வரும். அதிகமாக நம்புகிறவர் நல்ல குடிமகன் என்று மதிப்பெண் போடுவார்கள். தென்மாவட்டத்தில் 'நம்ம சமுதாயம்' என்றால் என்ன பொருள் என்று சுவரொட்டியைப் பார்த்த எவருக்கும் தெரியும். சமுதாய நலக்கூடம், சமுதாயக் கொடி, சமுதாயத் தலைவர் எல்லாம் சாதிதான். சாதிச் சங்கத்தில் முன்வரிசையில் நிற்பவருக்குக் குடிமைப் பண்பில் முழு மதிப்பெண் கிடைத்துவிடும்.

புளியரையைத் தாண்டி ஆரியங்காவுக்குப் போனால் மொழி மாறும். செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்த பகுதிதான். மலையாளத்தில் 'சமுதாயம்' என்றாலும் பேச்சுவழக்கில் சாதிதான். இந்திக்குப் போங்கள், 'சமாஜ்' என்று சாதிப் பெயரோடு சேர்த்துப் பலகை எழுதியிருப்பார்கள். மூன்று மொழி, மூன்று எழுத்து, ஒரே சாதி. மொழிபெயர்ப்பு வல்லுநர்கள் சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டு எல்லா மொழியிலும் பொருந்துகிறது என்பார்கள். பொருந்தத்தான் செய்கிறது. எல்லா மொழியிலும் ஒரே தவறாகப் பொருந்துகிறது.

'பாகுபாடு' என்ற சொல்லையும் பாருங்கள். அது மேடையில் பேசுவது, செய்தித்தாளில் வருவது. பீடி சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு அக்காவிடம் "நீங்கள் பாகுபாட்டுக்கு ஆளாகியிருக்கிறீர்களா?" என்று கேட்டால், ஏதோ பெரிய வழக்கு, கலவரம், கொலை பற்றிக் கேட்பதாக நினைத்து "அதெல்லாம் இல்ல சார்" என்பார். "அவுக வீட்டுக்குள்ள உங்கள விடுவாவளா?" என்று கேளுங்கள். "அது எப்படி விடுவாவ?" என்று உங்களைத்தான் விசித்திரமாகப் பார்ப்பார். முதல் கேள்விக்கு 'இல்லை' என்று குறித்துக்கொண்டு போனவரும் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார். இதுதான் கொடுமை.

'தீண்டாமை' என்று கேட்டால் இன்னும் மோசம். அது குற்றம் என்று பள்ளிப் பாடநூலின் முதல் பக்கத்தில் அச்சிட்டுப் பிள்ளைகள் கையில் கொடுக்கிறோம். "நீங்கள் தீண்டாமையைக் கடைப்பிடிக்கிறீர்களா?" என்பது குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்பது. காவல் நிலையத்திலேயே யாரும் சட்டென்று ஒப்புக்கொள்வதில்லை. வாசல் திண்ணையில் உட்கார்ந்து ஒப்புக்கொள்வார்களா?

பாஞ்சாகுளத்துப் பிள்ளைகளிடம் என்ன கேட்டிருப்பீர்கள்?

2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில் தின்பண்டம் வாங்க வந்த பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கடைக்காரர் திருப்பி அனுப்பினார். ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, இனி உங்களுக்குப் பண்டம் கிடையாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று அந்தப் பிள்ளைகளிடமே விளக்கினார். அந்தக் காணொளி பரவிய பிறகுதான் கைது நடந்தது, கடைக்குச் சீல் வைத்தார்கள்.

காணொளி வெளிவராமல் இருந்திருந்தால்? அதற்கு முந்தைய வாரம் ஒரு கணக்கெடுப்பாளர் அங்கே போய், உங்கள் பகுதியில் சாதிப் பாகுபாடு 'அதிகம் – ஓரளவு – இல்லை' என்று மூன்று கட்டங்களை நீட்டியிருந்தால் எந்தக் கட்டத்தில் குறி விழுந்திருக்கும்? பிள்ளைகளிடம் கேட்க மாட்டார்கள், பதினெட்டு வயது ஆகவில்லை. கடைக்காரரிடம் கேட்டால், எல்லோரும் ஒற்றுமையாகத்தான் இருக்கிறோம் என்பார். "ஊர்க் கட்டுப்பாடு என்று ஏதாவது உண்டா, அதை மீறினால் என்ன ஆகும்?" என்ற கேள்வி எந்தக் கேள்வித்தாளில் இருக்கிறது? அந்தச் சொல் இங்கே ஒவ்வொரு வாயிலும் புழங்குகிறது. கேள்வித்தாள் எழுதியவருக்கு மட்டும் தெரியவில்லை.

பள்ளிக்கூடங்களும் அப்படித்தான். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர்க் குழு அமைத்தார்கள். 2024 ஜூனில் வந்த அதன் அறிக்கை கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. "உன் வகுப்பில் சாதி வேற்றுமை இருக்கிறதா?" என்று கேட்டால் பையன் தலைமையாசிரியரைப் பார்த்துவிட்டு இல்லை என்பான். "யார் யார் என்ன நிறக் கயிறு கட்டுகிறார்கள்?" என்று கேட்டால் ஒரு வகுப்பின் முழு வரைபடத்தையும் போட்டுத் தருவான்.

கேட்பவரின் சாதி

1942இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் ஒரு சோதனை செய்தார்கள். ராணுவம் கறுப்பர்களை அநியாயமாக நடத்துகிறதா என்று கறுப்பின மக்களிடம் கேட்டார்கள். கேட்டவர் கறுப்பராக இருந்தபோது 35 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். கேட்டவர் வெள்ளையராக இருந்தபோது 11 விழுக்காடு. அதே நகரம், அதே கேள்வி, அதே ஆங்கிலம். எதிரே நின்ற முகம் மட்டும் வேறு.

அங்கே தோலைப் பார்த்தால் தெரிந்துவிடும். இங்கே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், கேட்கவும் செய்வார்கள். கணக்கெடுப்பாளர் தன் முதல் கேள்விக்கு வருவதற்கு முன்பே அவரிடம் கணக்கெடுப்பு நடந்து முடிந்துவிடும். "தம்பிக்கு எந்த ஊரு?" "ஊருல எந்தத் தெரு?" "அப்பா என்ன செய்தாவ?" மூன்றாவது கேள்வியில் சாதி பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகு வரும் பதில்கள் எல்லாம் அந்தச் சாதிக்குச் சொல்லப்படும் பதில்கள்.

இதில் இன்னொன்றும் உண்டு. வெளியிலிருந்து வரும் குழு முதலில் யாரைப் பார்க்கும்? ஊர்ப் பெரியவரை. யார் வீட்டில் தண்ணீர் குடிக்கும்? அவர் வீட்டில். காலனிக்கு யார் கூட்டிப்போவார்? அவர் அனுப்பிய ஆள். அந்த ஆள் தெருமுனையில் நின்றுகொண்டிருக்க, நாளைக்கு அவர் வயலுக்கே வேலைக்குப் போக வேண்டிய பெண்ணிடம் "உங்களை யாராவது சாதி சொல்லி இழிவுபடுத்துகிறார்களா?" என்று கேட்பார்கள். அவர் சொல்லும் 'இல்லை' அவரது பாதுகாப்பு. அதை வாங்கிக்கொண்டு போய் நல்லிணக்கம் என்று பெயர் சூட்டுவது ஆய்வாளரின் வசதி.

யாரை நோக்கிய கேள்வி?

இந்த மாவட்டத்துக்குக் கேள்வி கேட்க வந்தவர்களின் வரலாறு மீனாட்சிபுரத்தில் இருக்கிறது. 1981 பிப்ரவரி 19 அன்று, பண்பொழிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கிராமத்தில் ஏறத்தாழ 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. டெல்லியிலிருந்து தலைவர்கள் வந்தார்கள், அதிகாரிகள் வந்தார்கள், பத்திரிகையாளர்களும் ஆய்வாளர்களும் வந்தார்கள். வளைகுடாப் பணம் விளையாடியது என்ற குற்றச்சாட்டை வைத்துக்கொண்டு, ஏன் மாறினீர்கள் என்று அந்த மக்களையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இழிவிலிருந்து வெளியேறினோம் என்று அவர்களும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

பக்கத்துத் தெருவுக்குப் போய், "இவர்களை நீங்கள் எப்படி நடத்தினீர்கள்?" என்று கேட்பதற்கு இத்தனை கூட்டம் திரண்டதா? மரியாதை தேடிப் போனவர் விளக்கம் சொல்ல வேண்டும், மரியாதை தராதவர் சாட்சியாகக்கூட நிற்க வேண்டியதில்லை. விசாரிக்கப்படுபவர் யார் என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் கேள்வி எழுதுகிறார்கள்.

இது புதிதல்ல. 1932இல் வாக்குரிமை பற்றி ஆராய்ந்த லோதியன் குழுவில் அண்ணல் அம்பேத்கர் உறுப்பினர். தீண்டப்படாதோர் எத்தனை பேர் என்ற கேள்வி அங்கே வந்தது. எண்ணிக்கை கூடினால் பிரதிநிதித்துவம் தர வேண்டும் என்று தெரிந்ததும், எங்கள் மாகாணத்தில் தீண்டப்படாதவர்களே இல்லை, இருந்தாலும் கொஞ்சம்தான் என்று சாதி இந்துக்கள் வரிசையாகச் சாட்சி சொன்னார்கள். கோடிகள் எப்படிக் காகிதத்தில் கரைந்தன என்று அம்பேத்கர் பின்னாளில் விரிவாக எழுதினார். எண்ணிக்கை என்பது அரசியல் என்பதை நமக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

குற்றாலத்துக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. சீசன் நேரத்தில் பேரருவிக்குக் கீழே நின்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: "தண்ணிக்குச் சாதி ஏது?" அந்த நிமிடத்தில் அது உண்மையும்கூட, யார் தலையில் விழுகிறோம் என்று அருவி பார்ப்பதில்லை. அந்தக் கூட்டம் கலைந்த பிறகு கழிப்பறையையும் உடைமாற்றும் அறையையும் கழுவ வருகிறவர்கள் யார், அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று கேளுங்கள். குற்றாலத்தின் பெயரை உலகறியச் செய்த குறவஞ்சியில் குறத்தி வாயாரப் பேசுகிறாள். பேச வைத்தவர் மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர். இலக்கியத்தில் அவளைக் கொண்டாடிய இதே நாட்டில்தான் குறவர் மக்களைக் குற்றப் பரம்பரைப் பட்டியலில் சேர்த்தார்கள். அடுத்தவர் குரலில் பேசுவதும், பிறகு அதை அவர் குரலாகவே பதிவு செய்வதும் நமக்குப் பழகிய வேலை.

அப்படியானால் கணக்கெடுப்பே வேண்டாமா?

வேண்டும். நமக்குத்தான் எல்லோரையும்விட அதிகமாக வேண்டும். எண் இல்லாதவருக்கு நீதிமன்றத்திலும் இடமில்லை, நிதிநிலை அறிக்கையிலும் இடமில்லை. கேட்கத் தெரிந்து கேட்டவர்களும் இருக்கிறார்கள்.

2011–12இல் நடந்த இந்திய மனித வளர்ச்சிக் கணக்கெடுப்பு, வீட்டில் யாராவது தீண்டாமை கடைப்பிடிக்கிறார்களா என்று கேட்டதோடு நிற்கவில்லை. இல்லை என்றவர்களிடம், பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வந்தால், உங்கள் பாத்திரத்தைப் பயன்படுத்தினால் ஏதும் பிரச்சினை உண்டா என்று அடுத்த கேள்வியைப் போட்டது. இரண்டையும் சேர்த்தபோது 27 விழுக்காட்டுக் குடும்பங்கள் சிக்கின. பாதிக் கதவு திறந்ததற்கே இந்தக் கணக்கு.

கன்ஷியாம் ஷா, சுகதேவ் தோரட் உள்ளிட்டோர் 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆய்ந்து 2006இல் நூலாக வெளியிட்டார்கள். உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்காமல், கோயில், கடை, கிணறு, முடிதிருத்தகம், பள்ளிக்கூடம் என்று இடம் இடமாகப் போய் இங்கே என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். 2008இல் மதுரை மாவட்டத்தில் தீண்டாமை ஒழிப்பு முன்னணி கிராமம் கிராமமாக எடுத்த ஆய்வில்தான் உத்தபுரம் சுவர் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த ஆண்டு மே 6 அன்று அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. ஒரு கேள்வித்தாள் ஒரு சுவரைத் தகர்க்கும், எழுதியவர் சுவருக்கு எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைப் பொறுத்து.

2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லோருடைய சாதியும் கேட்கப்படும் என்று ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. 1931க்குப் பிறகு இதுதான் முதல்முறை. 2011 சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பில் என்ன நடந்தது என்பதை மறக்கக் கூடாது. 1931இல் 4,147 சாதிகள் என்று இருந்தது, 2011இல் 46 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களாகிவிட்டது என்று 2021இல் ஒன்றிய அரசே உச்ச நீதிமன்றத்தில் சொல்லிக் கைவிரித்தது. மக்கள் சொன்ன பட்டப்பெயர், உட்பிரிவு, குலப்பெயர் எல்லாம் காதில் விழுந்தபடி, வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் பதிவாயின. கேட்கவும் எழுதவும் பயிற்சி தராமல் அனுப்பியவர்களின் தோல்வி அது. பிறகு அதையே காட்டி, சாதியை எண்ணவே முடியாது என்றார்கள்.

படிவமே ஆட்களை அழிப்பதும் உண்டு. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்களும், பிறகு 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் மட்டுமே பட்டியல் சாதியாக முடியும். கிறிஸ்தவர், முஸ்லிம் என்று மதக் கட்டத்தில் எழுதியவுடன் பட்டியல் சாதிக் கட்டம் இதுவரையிலான கணக்கெடுப்புகளில் மூடிக்கொண்டது. மீனாட்சிபுரத்துப் பேரப்பிள்ளைகளும், இந்த மாவட்டத்தின் தலித் கிறிஸ்தவர்களும் அதே காலனியில்தான் வாழ்கிறார்கள். கணக்கில் மட்டும் அங்கே இல்லை. தென்காசி மக்களவைத் தொகுதி தனித்தொகுதி. அதில் போட்டியிடும் உரிமையும் அதே கட்டத்தோடு சேர்ந்து மூடிவிடுகிறது.

இதைப் படிக்கும் தோழர்களில் பலர் சமூகவியலும் சமூகப்பணியும் படிக்கிறீர்கள். நாளைக்குக் கைக்கணினியோடு வீடு வீடாகப் போகப்போவதும் நீங்கள்தான். வேலைக்கு எடுக்கும் நிறுவனத்திடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். மொழிபெயர்ப்புக் குழுவில் காலனியிலிருந்து வந்தவர் எத்தனை பேர்? கேள்வித்தாளை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் காலனியில் நாலு பேரிடம் காட்டி, இந்தக் கேள்வி உங்களுக்கு எப்படிப் புரிகிறது என்று கேட்டீர்களா? களப்பணியாளர்கள் யார், எந்த வாசல் வழியாக ஊருக்குள் போகிறார்கள்? பதில் சொன்னவரின் சாதியைப் பதிவு செய்கிற நீங்கள், கேட்டவரின் சாதியை ஏன் பதிவு செய்வதில்லை?

நான்காவது கேள்விக்கு அவர்கள் நெளிவார்கள். கேட்டவரின் சாதியை எழுதி வைத்தால், எந்த 'இல்லை' யாருக்குப் பயந்து சொல்லப்பட்டது என்று அடுத்த ஆய்வாளர் கண்டுபிடித்துவிட முடியும். எண்பத்திரண்டு விழுக்காடு என்ற எண்ணை அதற்குப் பிறகு யாரும் அவ்வளவு நிம்மதியாக மேற்கோள் காட்ட முடியாது. முடியக் கூடாது.